வரிசைக்கு ஒரு டிரெய்லர்

நத்தக்காட்டுப்பாளையத்தில் சிலர் புறா வளர்த்தார்கள், சிலர் மாடியில் ரோஜா வளர்த்தார்கள். கலாமணி வரிசை வளர்த்தாள். அவளுடைய வரிசை வீட்டின் கிழக்குச் சுவரோரம், எப்போதும் சாத்தியே இருக்கும் ஒரு ஜன்னலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது.

வரிசையில் முதலாவதாக ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம். அதற்குப் பின்னால் பாவாயி. பாவாயிக்குப் பின்னால் ஒரு செங்கல், ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, ரிட்டயர்டு கண்டக்டர் ரத்தினம், ஒரு மஞ்சப்பை, கடைசியில் கைப்பிடி உடைந்த ஒரு குடை. குடமும் செங்கல்லும் செருப்பும் பையும் குடையும் இடம் போட்டு வைத்தவை. போட்டவர்கள் யார் என்று ஒருவருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. இடம் போட்ட பொருள் ஆளுக்குச் சமம் என்பதில் அந்த ஊரில் இரண்டாவது பேச்சே கிடையாது. மழை வந்தால் குடத்துக்கு மூடி போட்டார்கள், செங்கல்லுக்குச் சாக்குப் போர்த்தினார்கள். பாவாயியும் ரத்தினமும் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய் வருவார்கள். போகும்போது அவள் தன் இடத்தில் ஒரு சொம்பையும், அவர் தன் விசிலையும் வைத்துவிட்டுப் போவார்கள்.

"எதுக்குங்க நிக்கிறாங்க?" என்று கேட்பவர்களைக் கலாமணிக்குப் பிடிக்காது. ஏதோ ஒன்றுக்காக நின்றால் அதற்குப் பெயர் அவசியம். ஒன்றுக்கும் இல்லாமல் நிற்பதுதான் பொழுதுபோக்கு. புறா வளர்ப்பவனிடம் போய்ப் புறா எதற்கு என்று எவனாவது கேட்கிறானா? சின்ன வயதில் மண்ணெண்ணெய்க்கு நிற்கும்போதே மற்றவர்களெல்லாம் எப்போது முடியும் என்று நின்றார்கள், இவள் முடிந்துவிடப் போகிறதே என்று நின்றாள். சிலருக்கு அப்படி ஒரு மனசு அமைந்துவிடுகிறது. தினமும் காலையில் பல் விளக்கியதும் வரிசையின் பக்கவாட்டில் போய் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். செங்கல் கொஞ்சம் விலகியிருந்தால் காலால் தள்ளுவாள். ரத்தினத்தின் வயிறு விலகியிருந்தால் கையால் தள்ளுவாள்.

சிக்கல் அந்த ஜன்னலில் இருந்தது. பாகம் பிரித்தபோது ஜன்னல் கணவனின் அண்ணன் நல்லசிவத்தின் பங்கில் போய்விட்டது. நல்லசிவம் எதிலும் முதலில் நிற்கிறவர். கோயிலில் முதல் மரியாதை, பந்தியில் முதல் இலை, சாவு வீட்டில் முதல் மாலை என்று வாழ்ந்து பழகியவர். தம்பி பெண்டாட்டியின் வரிசை பல வருடங்களாக அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளுத்த சட்டையும் தோளில் அகலப் பச்சைக்கரைத் துண்டுமாக வந்து நின்றார்.

"ஏம்மிணி, வெள்ளிக்கெழம புள்ளைக்கு நிச்சயம். ஒறம்பரைச் சனமெல்லாம் கார்ல வருவாங்க. வாசல்ல செங்கல்லும் செருப்பும் நின்னா நல்லாவா இருக்குது?"

"அதுக பாட்டுக்கு நிக்கிதுங்க மாமா. யாரையும் கடிக்கறதில்லீங்களே."

"நான் என்ன தொரத்தவா போறேன்? வியாழக்கெழம காலைல ஜன்னலத் தொறந்தர்றேன். ஒவ்வொருத்தரா வரச்சொல்லி, கேட்டதக் குடுத்து அனுப்பிச்சர்றேன். சந்தோசமா ஊடு போய்ச் சேரட்டும்."

அடித்து விரட்டுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் கலாமணி இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். கலைந்த வரிசையை மறுபடி சேர்த்துவிடலாம். தீர்ந்த வரிசையை ஒன்றும் செய்ய முடியாது. ஜன்னல் திறந்து, கேட்டதைக் கொடுத்து அனுப்பிவிட்டால் அப்புறம் குடம் வெறும் குடம், செங்கல் வெறும் செங்கல், பாவாயி மூன்றாவது தெருவில் இருக்கிற ஒரு பொம்பளை.

"பொம்பளைங்க பொழுதுபோக்குன்னா ஒரு கூடைக்குள்ள அடங்கோணும் கண்ணு" என்றார் நல்லசிவம், நல்ல புத்தி சொல்கிற குரலில். "பூக் கட்டறது, ஊசி நூலு, இந்த மாதிரி. வேல முடிஞ்சா மூடி வெச்சர்லாம்."

"என்னுது அடங்காதுங்க மாமா."

"அப்ப நான் தொறந்தர்றேன்."

"தொறங்க. அதுக்குள்ள என்ற வரிச சாத்தம்பாறைத் திடல்ல போய் நின்னுருக்கும்."

சாத்தம்பாறைத் திடலில் அந்தச் சுற்றுவட்டாரத்து வரிசைகளெல்லாம் நின்றன. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஜன்னலோ கவுண்டரோ கிடையாது. நிம்மதியான இடம். ஒரே ஒரு கட்டுப்பாடுதான்: வரிசை எந்த ஒழுங்கில் கிளம்பியதோ அதே ஒழுங்கில் போய் இறங்க வேண்டும், முன்பின் மாறினால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நடத்திக் கூட்டிப் போகவும் வழியில்லை. வரிசை ஒரு நேரத்துக்கு ஓரடிதான் நகரும். அந்தக் கணக்கில் போனால் அடுத்த ஆடிக்குத்தான் திடலைப் பார்க்க முடியும். ஆகவே ஒரு டிரெய்லர் வேண்டும்.

கணவன் பொன்னுசாமி லாரியில் நாக்பூர்ப் பக்கம் போயிருந்தான். போனில் விஷயத்தைக் கேட்டுக்கொண்டான். பிறகு, "டிராக்டர் சாவி அரிசி டப்பாவுல கெடக்குது" என்றான். அண்ணனை எதிர்த்து அவன் வாழ்நாளில் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

டிரெய்லர் கட்டும் பட்டறை இரண்டு தெரு தள்ளி இருந்தது. அதன் முதலாளி குழந்தைவேலு தொழில் தெரிந்த ஆள், நல்ல ஆளும்கூட. "ஏத்திப் பாக்காம வாங்கப்படாதுங்கக்கா. ஒவ்வொரு வரிசைக்கும் ஒவ்வொரு வண்டிதான் சேரும்" என்றான். விலையைப் பேசி முடித்துவிட்டு, வண்டிகளை ஒவ்வொன்றாக அவள் வாசலுக்கே இழுத்து வந்தான்.

முதலில் வந்தது தேங்காய் ஏற்றும் அகலமான டிரெய்லர். கலாமணி குடத்திலிருந்து குடை வரை முறைப்படி ஏற்றினாள். டிராக்டர் தெருமுனை வரைதான் போயிருக்கும், ஒரு குலுக்கலில் செங்கல் நகர்ந்து பாவாயிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அது வரிசை இல்லை, கூட்டம். கூட்டமானதுமே செருப்பில் ஒன்றைக் காணோம். பாவாயி கையை உயர்த்தி "வேண்டும் வேண்டும்" என்று கத்தத் தொடங்கினாள். என்ன வேண்டும் என்பது இன்னும் முடிவாகியிருக்கவில்லை. பைக்கில் ஒரு போலீஸ்காரர் வந்து யார் தலைமை என்று கேட்டார். எல்லாரும் குடத்தைக் காட்டினார்கள். கலாமணி அடித்துப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் இறக்கி ஒற்றை வரிசையில் நிறுத்தினாள். செருப்பு உடனே வந்துவிட்டது. போலீஸ்காரரும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்தது இரண்டு பக்கமும் பெஞ்சு போட்ட டிரெய்லர். வயசானவர்களுக்குச் சௌகரியமாக இருக்குமே என்றுதான் கலாமணி சம்மதித்தாள். உட்கார்ந்த மாத்திரத்தில் ரத்தினம் இருமினார். பாவாயி முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அப்பனே முருகா" என்றாள். குடத்தின் அடியில் ஈரம் கசிந்தது. எங்கிருந்தோ டெட்டால் வாடை அடித்தது. உட்கார்ந்த வரிசை ஆஸ்பத்திரிக்குத்தான் போகும், வேறெங்கும் போகாது என்றான் குழந்தைவேலு. வண்டியும் தானாகவே அந்தப் பக்கம்தான் இழுத்தது.

மூன்றாவது, நாலாபுறமும் மூடிய பெட்டி. நல்ல ஸ்பிரிங் பட்டை, அலுங்காமல் குலுங்காமல் போனது. ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. இருந்தது ஒரே கதவு, அதுவும் பின்பக்கம். முதலில் ஏறிய குடம் உள்கோடியில் மாட்டிக்கொண்டது. கடைசியில் ஏறிய குடை முதலாவதாக இறங்கி, கொஞ்சம் விரிந்தாற்போல நின்றது. அதைக் கெஞ்சிக் கூத்தாடிக் கடைசி இடத்துக்கு அழைத்துப்போவதற்குள் கலாமணிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. முதல் இடத்தில் நின்று பார்த்தவர்களை மறுபடி வழிக்குக் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. குடம் அன்று பொழுதுக்கும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"முன்னால ஒரு கதவு, பின்னால ஒரு கதவு வேணும் கொழந்தவேலு. ஏறுனபடியே எறங்கோணும்."

"அப்படி ஒண்ணு பட்டறைல இருக்குதுங்க. ரேக்ளாப் பந்தயக் குதிரை ஏத்தறதுக்குக் கட்டுனது. கட்டச் சொன்னவரோட குதிரை ஓட்டமே வேண்டாம்னு சொல்லீருச்சு, அதான் நின்னுபோச்சு. நாளைக்கு வந்து பாருங்க."

புதன்கிழமை கலாமணி பட்டறைக்குப் போனாள். வண்டியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவு பொருத்தம். ஒரு ஆள் அகலம்தான். இரண்டு அச்சு, நல்ல நீளம். பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் முழுக்கக் கம்பி, முன்கதவை ஒட்டிக் கம்பி போட்ட ஒரு ஜன்னல். முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. ஊதா நிறப் பெயிண்ட்டு. உள்ளே எட்டிப் பார்த்தாள். முன்கதவுக்குப் பக்கத்தில், தரையில், அகலப் பச்சைக்கரை போட்ட ஒரு துண்டு கிடந்தது.

"காலைல வந்து ஜன்னல் வழியா போட்டுட்டுப் போனாருங்க" என்றான் குழந்தைவேலு, தரையைப் பார்த்துக்கொண்டே.

"அவருக்கு டிரெய்லர் எதுக்கு?"

"துண்டு போட்டவங்ககிட்ட எதுக்குன்னு கேக்கறதில்லீங்களேக்கா."

"எடுத்துக் கீழ போடு."

குழந்தைவேலு இரண்டடி பின்னால் போய்விட்டான். அடுத்தவர் போட்ட துண்டை எடுக்கும் பாவத்தை அந்த ஊரில் யாரும் செய்ததில்லை. பஸ்ஸில் துண்டு கிடந்த சீட்டுக்குப் பக்கத்தில் கர்ப்பிணிப் பெண்கள்கூட நின்றுகொண்டே போயிருக்கிறார்கள். கலாமணியாலும் அதைத் தொட முடியாது என்று நல்லசிவத்துக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டிருக்கிறார். மனுஷனுக்கு டிரெய்லரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். இவளுக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு டயரை ஓர் உதை விட்டாள். கால்விரல் சுரீரென்றது. ஆத்திரம் தீரவில்லை, ஆனால் புத்தி தெளிந்தது. மறுபடி உள்ளே எட்டிப் பார்த்தாள். துண்டு ஓரத்தில் சுருண்டு கிடந்தது. அதற்குப் பின்னால் டிரெய்லர் காலியாகக் கிடந்தது.

"கொழந்தவேலு, ஒரு துண்டுக்கு எத்தன எடம்?"

"ஒரு எடந்தானுங்க."

"அதுக்குப் பொறவு இருக்கற எடம் யாரோடது?"

குழந்தைவேலு தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தான். "வந்து நிக்கறவங்களோடதுங்க" என்றான்.

வியாழக்கிழமை கோழி கூப்பிடும் நேரத்தில் வரிசை வீட்டிலிருந்து கிளம்பியது. ரத்தினம் விசில் ஊதுவார். கலாமணி குடத்தை ஓரடி நகர்த்துவாள். பாவாயி ஓரடி வைப்பாள். அப்புறம் செங்கல், அப்புறம் செருப்பு, அப்படியே குடை வரை. மறுபடி விசில். பால் வண்டியும் பள்ளிக்கூட வேனும் ஒதுங்கி வழி விட்டன. பட்டறை வாசலை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது.

ஏறப் போகும் நேரத்தில் பாவாயி முரண்டு பிடித்தாள். "கொடந்தான் மொத ஆளு. இத்தன வருசமா நிக்கிது. நேத்து வந்த துண்டு முன்னால நிக்கறதா? நான் ஏற மாட்டேன்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

கலாமணியும் தன் வரிசையில் எவனையும் இடையில் நுழையவிடாதவள்தான். ரத்தினம்தான் தீர்ப்புச் சொன்னார். "இது அந்த எடம் இல்ல, பாவாயி. டிரெய்லரு புது எடம். இங்க துண்டு மொதல்லயே வந்திருச்சு. நாமதான் இப்ப வர்றோம். துண்டு நொழையல, நாமதான் சேர்றோம்." எல்லாரும் குடத்தைப் பார்த்தார்கள். குடம் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு பெருந்தன்மை அதற்கு. கலாமணி புறங்கையால் அதன் கழுத்தைத் துடைத்து, முதல் ஆளாக உள்ளே அனுப்பி, துண்டுக்குப் பின்னால் நிற்க வைத்தாள்.

அதே நேரம் நல்லசிவம் குளித்து, சூடம் காட்டி, கிழக்குச் சுவரின் ஜன்னலைத் திறந்தார். எதிரே ஒரு காக்கை மட்டும் நின்றது. அதற்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவர் சட்டையைக்கூடச் சரியாக மாட்டாமல் பட்டறைக்கு ஓடிவந்தார்.

"ஏம்மிணி! துண்டு கெடக்கறது கண்ணுக்குத் தெரியல? எல்லாத்தையும் எறக்கு!"

"தெரியுதுங்க மாமா. அதுக்குப் பின்னாலதான் நிக்கறமுங்க."

"இது என்ற வண்டி!"

"இல்லீங்க. உங்குளுது மொத எடம். மத்ததெல்லாம் வரிசையோடது."

நல்லசிவம் குழந்தைவேலுவைப் பார்த்தார். குழந்தைவேலுவுக்கு நல்லசிவம் என்றால் பயம்தான். ஆனாலும் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது. "ஒரு துண்டுக்கு ஒரு எடந்தானுங்களே" என்றான்.

"சார்" என்று உள்ளேயிருந்து ரத்தினம் குரல் கொடுத்தார். "நிக்கறீங்களா, எடத்த உடறீங்களா? பின்னால ஆளுங்க நிக்கறாங்க சார். சீக்கிரம் சொல்லுங்க."

துண்டை எடுத்துக்கொண்டு போய்விடலாம். போனால் குடம் முதலாவதாகிவிடும். ஒரு பிளாஸ்டிக் குடம், அதுவும் தம்பி பெண்டாட்டியின் குடம், தான் விட்டுவிட்டுப் போன முதல் இடத்தில் நிற்பதை நல்லசிவம் கற்பனை செய்து பார்த்தார். அவரால் அது முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்கதவு வழியாக ஏறினார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அதே இடத்தில் நின்றார். குடம் பின்னாலிருந்து லேசாக இடித்தது. "தள்ளாத" என்றார்.

கலாமணி பக்கவாட்டு ஜன்னல் வழியாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். நல்லசிவம் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருந்தார். கம்பிக்குள் கையை விட்டு அவரை ஒரு விரற்கடை இடப்பக்கம் தள்ளினாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் எதிரில் உட்காராதவள் அவள். இன்று அவர் தோளைப் பிடித்தே நகர்த்திவிட்டாள். அவளுக்குப் பரம சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"நாளைக்கு நிச்சயத்துக்கு நான் இருக்கோணுமே அம்மிணி" என்றார் அவர், நேராகப் பார்த்தபடியே.

"துண்ட வெச்சுட்டுப் போயிட்டு வாங்க மாமா. எடம் எங்கயும் போகாது."

அவர் துண்டைத் தோளில் இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

முந்தின நாளே பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்த டிராக்டரில் கொக்கியை மாட்டி, ஓட்டுகிறவள் வரிசையில் சேர்த்தி இல்லை என்பதால் கலாமணி இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். ஊதா டிரெய்லர் அலுங்காமல் பின்னால் வந்தது. சந்தைப் பேட்டை தாண்டி, தாராபுரம் ரோட்டில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தாள். டிரெய்லருக்குப் பின்னால் ஒரு பால்காரர் கேனோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ், எஞ்சினை அணைத்துவிட்டு ஓரடி ஓரடியாக நகர்ந்துகொண்டிருந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் ஆட்டோடு ஒரு பெண். அவளுக்குப் பின்னால் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, தண்ணீர் தளும்பாமல் வந்துகொண்டிருந்தது. எதற்கு நிற்கிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மூடிக் கிடந்த ரயில்வே கேட்டுக்கு முன்னால் ஒரு சலசலப்பு. தாலுகா ஆபீஸ், தூண்களும் பெயர்ப் பலகையுமாக, பக்கத்துச் சந்திலிருந்து வந்து பால்காரருக்கு முன்னால் உடம்பை நுழைத்துக்கொண்டிருந்தது. பால்காரர் கேனைக் குறுக்கே வைத்து மறித்தார். கலாமணி டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கிப் போனாள்.

"நான் ஆபீசுங்க" என்றது தாலுகா ஆபீஸ். "கொஞ்சம் அவசரமுங்க. சித்த முன்னால உட்டீங்கன்னா போயிருவேன்."

"எல்லாருக்குந்தான் அவசரம். பின்னால போங்க."

"உள்ள ஆளுங்க உக்காந்திருக்காங்களுங்க."

"எந்திரிச்சு நிக்கச் சொல்லுங்க."

தாலுகா ஆபீஸ் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தது. இடுப்பில் கையை ஊன்றியபடி அவளும் அதைப் பார்த்தாள். பிறகு அது பால்காரரையும் பஸ்ஸையும் ஆட்டுக்காரப் பெண்ணையும் தண்ணீர்த் தொட்டியையும் ஒவ்வொருவராகத் தாண்டிப் பின்னால் போய் நின்றது. உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. கலாமணி சாலையோரம் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். ஆபீஸின் வாசற்படி ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொன்னாள். இழுத்துக்கொண்டது. கேட் திறந்ததும், ஓரடி நகரலாம் என்று எல்லாருக்கும் கை காட்டிவிட்டு டிராக்டரைக் கிளப்பினாள்.